கடலும் இல்லாமற்போகுமா? கடைசிக்காலத் தீர்க்கதரிசனத்தை வாசிக்கும் விதம்

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டே பதிலைத் தொடங்குகிறேன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேணுமே. நீங்கள் இங்கே திருகோணமலையில் திருக்கடலூர்ப் பிள்ளை. அப்பா பக்கம் கத்தோலிக்கர். அம்மா சில வருஷமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறா. அம்மாவின் ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு சகோதரர், இனி வரப்போகிற டிஜிட்டல் அடையாள அட்டைதான் வேதாகமத்தின் கடைசிப் புத்தகம் சொல்கிற மிருகத்தின் முத்திரை, அந்த 666, அதை எடுத்தால் இரட்சிப்புப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டால், "அதெல்லாம் அடையாள மொழி பிள்ளை, பயப்படாதேங்கோ" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். வீட்டிலே இந்தக் கதை எடுத்தாலே சண்டை. இதற்கு நடுவில் அப்பம்மா, 2004 சுனாமியில் உங்கள் சித்தப்பாவைப் பறிகொடுத்து, இன்றுவரை உடலும் கிடைக்காமல் இருக்கிறவ, "புதிய பூமியிலே கடல் இல்லையாம், மெய்யோ?" என்று கேட்கிறா. எழுத்தின்படி எடுப்பதா, அடையாளமாக எடுப்பதா என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் கிறிஸ்தவ சமயமும் வரலாறும் படிப்பித்தவன். மெதடிஸ்த சபைக்காரன், ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்கிறவன். எனக்கென்று ஒரு முடிவு உண்டு, அதை ஒளிக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் (உங்கள் அப்பாவின் வேதாகமத்தில் திருவெளிப்பாடு) பெரும்பாலும் படங்களால் பேசுகிற புத்தகம் என்பது என் வாசிப்பு. ஆனால் கிறிஸ்து திரும்பி வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்பதை நான் படமாக எடுக்கவில்லை. நடக்கப்போகிற காரியமாகவே நம்புகிறேன். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சொல்லலாம் என்றுதான் உங்கள் அம்மாவும் கேட்பா, அப்பாவும் கேட்பார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். "யானை சரிந்தது, வெற்றிலை வென்றது, வடகிழக்கில் வீடு நிமிர்ந்து நிற்கிறது" என்று ஒரு தேர்தல் முடிவைப் பேப்பர்க்காரன் தலைப்பில் போட்டால், திருகோணமலையில் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். யானை எந்தக் கட்சி, வெற்றிலை எந்தக் கூட்டணி, வீடு யாருடைய சின்னம் என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். அந்தப் பேப்பர்த் துண்டு இரண்டாயிரம் வருஷம் கழித்து எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒருவர், "எழுதினபடியே நம்பவேணும், ஒரு யானை ஒரு வெற்றிலையோடு மோதித் தோற்றது" என்பார். அடுத்தவர், "இதெல்லாம் குறியீடு, பலமும் பணிவும் பற்றிய தத்துவம், எந்தச் சம்பவமும் நடக்கவில்லை" என்பார். இரண்டு பேரும் கோட்டைவிட்டது மெய்யாகவே நடந்த ஒரு தேர்தலை. சொன்ன மொழி சின்ன மொழி. சொல்லப்பட்ட காரியமோ நிஜம். எழுத்தா அடையாளமா என்ற சண்டையில் பெரும்பாலும் இந்த இரண்டு தவறும்தான் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன.

வெளிப்படுத்தின விசேஷத்தை யோவான் எழுதியது அப்படியான சின்ன மொழியில். அவர் பத்மு தீவில் இருந்தார். எழுதியது எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்ற ஏழு ஊர்ச் சபைகளுக்கு. எல்லாமே இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம். தொமித்தியன் என்ற உரோம இராயனின் ஆட்சி முடிகிற வேளையில், அதாவது ஏறக்குறைய 95ஆம் ஆண்டில், இந்தத் தரிசனம் காணப்பட்டதாக இரண்டாம் நூற்றாண்டில் இரனேயு என்ற ஆயர் எழுதி வைத்தார். எருசலேம் ஆலயம் இடிந்த 70ஆம் ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்டது என்று வாதிடுகிற அறிஞர்களும் உண்டு. எந்தத் தேதியை எடுத்தாலும், முதலில் கேட்டவர்கள் உரோம ஆட்சிக்குக் கீழே, இராயனைத் தெய்வமாக வணங்கச் சொன்ன ஒரு சமூகத்தில் வாழ்ந்தவர்கள்.

சின்னங்களுக்கு விளக்கம் வெளியே தேடவும் வேண்டியதில்லை. பல இடங்களில் புத்தகமே சொல்கிறது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் (1:20). ஏழு தலைகள் ஏழு மலைகள் (17:9). உரோமாபுரிக்கு ஏழு மலை நகரம் என்று பேர் இருந்ததை அந்தக் காலத்தில் அறியாதவர் இல்லை. தண்ணீர்கள் ஜனக்கூட்டங்கள் (17:15). அந்த ஸ்திரீ மகா நகரம் (17:18). முதல் வசனத்தில் தமிழ் வேதாகமம் "வெளிப்படுத்தினார்" என்று சொல்கிற இடத்தில் நிற்கிற கிரேக்க வினைச்சொல், "அடையாளம்" என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. அடையாளங்களால் அறிவித்தார் என்ற தொனி அதற்கு உண்டு. தானியேலிலும் இதே முறைதான். ஆட்டுக்கடாவும் வெள்ளாட்டுக்கடாவும் முட்டிக்கொள்ளும். பிறகு தூதனே வந்து, முதலாவது மேதிய பெர்சிய ராஜாக்கள், மற்றது கிரேக்க ராஜா என்று பேர் சொல்லி விளக்குவான் (8:20, 21). இப்படி விளக்கம் கொடுக்கப்பட்ட இடத்திலும் "எழுத்தின்படி" என்று பிடிவாதம் பிடிப்பதுதான் எழுத்தை மீறுவது.

எண்பதுகளின் கடைசியில், இந்திய இராணுவம் இங்கே நின்ற காலத்தில், ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனேன். வந்த பிரசங்கியார் வெளிப்படுத்தின விசேஷம் 9ஆம் அதிகாரத்தை எடுத்தார். இரும்புக் கவசம் போட்ட வெட்டுக்கிளிகள், யுத்தத்துக்கு ஓடுகிற இரதங்களைப்போல இரைகிற சிறகுகள், வாலிலே கொடுக்கு. "இது ஹெலிகொப்டர், பிரியமானவர்களே" என்றார். ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடின சனம் நாங்கள். கூட்டம் நடுங்கியது, நானும் நடுங்கினேன். வருஷங்கள் கழித்து யோவேல் புத்தகத்தைப் படிப்பிக்க எடுத்தபோதுதான் பார்க்கிறேன்: சிங்கத்தின் பற்கள் அங்கே இருக்கின்றன (1:6), குதிரைகளின் சாயல் அங்கே இருக்கிறது (2:4), இரதங்களின் இரைச்சலும் அங்கேயே இருக்கிறது (2:5). யோவான் புதிதாக ஒரு யந்திரத்தைக் கண்டு பேர் தெரியாமல் தடுமாறவில்லை. தன் சபைகளுக்கு மனப்பாடமாயிருந்த யோவேலைத் திறந்து காட்டுகிறார். இந்தப் புத்தகம் முழுவதும் இப்படித்தான். நேரடி மேற்கோள் என்று ஒன்று காட்டுவது கடினம். ஆனால் எசேக்கியேல், தானியேல், ஏசாயா, சகரியா, யாத்திராகமம் எல்லாம் வரிக்கு வரி உள்ளே ஒலிக்கின்றன. பழைய ஏற்பாடு தெரியாமல் வெளிப்படுத்தின விசேஷத்தை வாசிக்கிறவர் அந்த வெற்றிடத்தைச் செய்தித்தாளால் நிரப்பத்தான் பார்ப்பார்.

இன்னொன்றும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. "இதை வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் பாக்கியவான்கள்" என்று முதல் அதிகாரம் சொல்கிறது. ஹெலிகொப்டர்தான் பொருள் என்றால், சிமிர்னாவில் இதை வாசிக்கக் கேட்ட ஒரு ஏழைச் சகோதரிக்கு என்ன பாக்கியம்? அவளுக்கு எழுதின கடிதத்தில் அவளுக்கு விளங்க ஒன்றுமே இல்லையா?

இப்போது 666. தமிழில் க, உ, ங, ச என்ற எழுத்துருவங்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுக்குப் பாவித்ததைப் பழைய புத்தகங்களின் பக்க எண்களில் பார்த்திருப்பீர்கள். எபிரேயரும் கிரேக்கரும் அப்படியே, எழுத்தே இலக்கம். அதனால் ஒரு ஆளின் பேரைக் கூட்டி ஒரு தொகையாகச் சொல்லலாம். நேரோ என்ற உரோம இராயனின் பேரை, "நேரோன் கேசர்" என்று எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டிப் பாருங்கள், 666. பேரின் கடைசியில் வருகிற "ன்" இல்லாமல் லத்தீன் உச்சரிப்பின்படி எழுதினால் 50 குறைந்து 616 ஆகும். ஆச்சரியம் என்னவென்றால், சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இரனேயுவுக்கே அந்தப் பாடம் தெரியும், அதைத் தவறு என்று மறுத்திருக்கிறார். ஒரே ஆளின் பேர் இரண்டு விதமாக எழுதப்பட்டு இரண்டு தொகை வந்தது என்பதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் இன்னும் காணவில்லை. ஆனாலும், நேரோவுக்குக் காலத்தால் கிட்ட இருந்த இரனேயு அந்தப் பேரைச் சொல்லவில்லை. வேறு சில பேர்களைக் கணக்குப் பார்த்துக் காட்டிவிட்டு, ஒன்றையும் நிச்சயமாகச் சொல்லத் துணியக்கூடாது என்று நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

அப்படியானால் டிஜிட்டல் அட்டை? எடுக்கலாம், தங்கச்சி. 13ஆம் அதிகாரத்தில் முத்திரைக்கு முன்னால் வருவது வணக்கம். மிருகத்தையும் அதன் சொரூபத்தையும் வணங்கிறவர்களே அதைத் தரிக்கிறார்கள். 14:9 அதைத் திரும்பவும் சொல்கிறது. அறியாமல், தற்செயலாக, ஒரு அரச அலுவலகத்தில் வரிசையில் நின்று யாரும் கிறிஸ்துவை மறுதலித்துவிட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 13ஆம் அதிகாரம் முடிந்த அடுத்த வசனத்திலேயே, 14:1இல், பிதாவின் நாமம் நெற்றியில் எழுதப்பட்ட ஒரு லட்சத்து நாற்பத்துநாலாயிரம் பேர் நிற்கிறார்கள். அதற்கு யாரும் ஒரு கருவியைத் தேடுவதில்லை. ஆவிக்குரிய உரிமை என்று உடனே விளங்கிக்கொள்கிறோம். பக்கத்து வசனத்து முத்திரைக்கு மட்டும் ஏன் மின்சாரம் வேண்டும்? கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள் என்று உபாகமம் 6:8 கர்த்தருடைய கட்டளைகளைப் பற்றிச் சொன்னதை, மிருகம் போலியாகச் செய்து காட்டுகிறது. யாருக்கு நீ சொந்தம், யாரை நம்பி உழைத்துச் சாப்பிடுகிறாய் என்ற கேள்வி அது. தியத்தீராவில் தொழில் செய்ய வேண்டுமென்றால் விக்கிரக விருந்தில் குந்த வேண்டியிருந்த சனத்துக்கு "கொள்ளவும் விற்கவும் கூடாதபடி" என்ற வார்த்தை எவ்வளவு கூராகத் தைத்திருக்கும்.

ஆனால் அம்மாவின் பயத்தைச் சும்மா பயம் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, ஆமிக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற தலைமுறை அவ. ஒரு அட்டை ஆளைப் போகவும் விடும், போகவிடாமலும் செய்யும் என்று உடம்பால் அறிந்தவ. அரசாங்கம் எங்கள் விபரங்களை எவ்வளவு சேர்க்கலாம், யார் பார்க்கலாம் என்று கேட்பது நியாயமான கேள்வி. அதைப் பிரஜையாகக் கேட்போம். இரட்சிப்போடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

எழுத்தின்படி வாசிக்கிறவர்களிடம் பலமான நியாயங்கள் இருக்கின்றன. அவர்களைப் படியாத சனம் என்று கதைப்பது பெரிய அநியாயம். கிறிஸ்துவின் முதலாம் வருகையைப் பற்றிச் சொன்னவை எழுத்தின்படியே நடந்தனவே என்பார்கள். மீகா பெத்லகேம் என்றான், பெத்லகேமில் பிறந்தார். சகரியா கழுதை என்றான், கழுதையில் வந்தார். முதலாவது எழுத்தின்படி என்றால் இரண்டாவது மட்டும் ஏன் உருவகம்? வெளிப்படுத்தல் 20இல் ஆயிரம் வருஷம் என்ற வார்த்தை ஆறு தரம் வருகிறது. அங்கே இரண்டு உயிர்த்தெழுதல்கள் சொல்லப்படுகின்றன. ஒன்றை ஆவிக்குரியதாகவும் மற்றதைச் சரீரத்துக்குரியதாகவும் எடுத்தால் வார்த்தைக்கு என்ன மரியாதை? இஸ்ரவேலுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் மாறாது என்று ரோமர் 11இல் பவுல் சொல்கிறாரே? அப்போஸ்தலருக்குக் கிட்டிய காலத்துப் பாப்பியா, யுஸ்தீன், இரனேயு எல்லாரும் பூமியில் ஆயிரம் வருஷ அரசாட்சியை எதிர்பார்த்தவர்களே?

இவற்றுக்குமேல், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு நியாயத்தை இந்த ஊரில் கேட்டேன். யுத்தத்தில் மகனைக் காணாமல் கொடுத்த ஒரு தாய், "அடையாளம் அடையாளம் எண்டு சொல்லுறீங்கள் சேர், அப்ப எனக்கு நியாயத்தீர்ப்பும் அடையாளந்தானோ?" என்று கேட்டா. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "எல்லாம் குறியீடு" என்று சுகமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பல வேளை, ஒன்றும் நடக்கப்போவதில்லை என்பதையே மரியாதையாகச் சொல்கிறார்கள். அப்படியான வாசிப்பு என்னுடையது இல்லை. உங்கள் பங்குச் சுவாமியினதும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் "மீண்டும் மாட்சியுடன் வரவிருக்கிறார், அவரது ஆட்சிக்கு முடிவிராது" என்று அறிக்கையிடுகிறவர் அவர்.

வேதம் தன்னை எப்படி வாசிக்கிறது என்று பார்த்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கிவர வேண்டியிருக்கும். எலியா வருவான் என்று மல்கியா எழுதினார். யோவான் ஸ்நானகனைக் காட்டி, வருகிறவனாகிய எலியா இவன்தான் என்றார் இயேசு. "இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள்" என்றபோது எழுத்தின்படி எடுத்தவர்கள் கல்லுக் கட்டடத்தைப் பார்த்தார்கள். அவரோ தம் சரீரத்தைச் சொன்னார். ஆனால் மூன்றாம் நாள் என்றது மூன்றாம் நாளேதான். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தானியேல் 9. எருசலேம் பாழாய்க் கிடக்கும் என்று எரேமியா சொன்ன எழுபது வருஷத்தை தானியேல் வருஷமாகவே எண்ணி, முடிகிற காலம் வந்துவிட்டது என்று இரட்டுடுத்தி ஜெபம்பண்ணுகிறார். பதிலோடு வந்த காபிரியேல், அவர் எண்ணினது பிழை என்று சொல்லவில்லை. அதே எழுபதை எழுபது வாரங்களாக விரித்துவிடுகிறார். நாங்கள் கணக்குப் பார்த்து முடித்த இடத்திலிருந்து தேவன் தொடங்குகிறார்.

ஆயிரம் வருஷத்தைப் பற்றிச் சபைக்குள் மூன்று வாசிப்பு உண்டு. கிறிஸ்து வந்த பிறகு பூமியில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்பது ஒன்று. உங்கள் அம்மாவின் சபை இதைச் சேர்ந்தது. சுவிசேஷம் உலகத்தை மெல்ல மெல்ல மாற்றி ஒரு பொற்காலம் வந்து, அதன் பிறகே அவர் வருவார் என்பது இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டு மிஷனரிமார் பலருக்கு இந்த நம்பிக்கை இருந்தது, முதலாம் உலக யுத்தத்தோடு பெரும்பாலும் சோர்ந்துபோனது. ஆயிரம் என்பது நிறைவைக் குறிக்கும் எண், கிறிஸ்து உயிர்த்தெழுந்தது முதல் திரும்பி வருவது வரையான சபையின் காலமே அது என்பது மூன்றாவது. இதை நிலைநிறுத்தியவர் அகுஸ்தீன், "கடவுளின் நகரம்" நூலின் இருபதாம் பாகத்தில். தானும் ஒருகாலம் மற்றப் பக்கம் நின்றதாக அவரே அங்கே ஒத்துக்கொள்கிறார். கத்தோலிக்க சபை அகுஸ்தீன் வழியில் நின்றது. கிறிஸ்து கண்காண வந்து பூமியில் ஆளுவார் என்ற போதனையைப் பாதுகாப்பாகப் போதிக்க முடியாது என்று உரோமைத் திருப்பீடம் 1944இல் தீர்ப்பும் சொன்னது. சுவாமி ஒரு வரியில் முடித்ததற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. அவர் அதைச் சொல்லியிருக்கலாம். யுஸ்தீனிடம் ஒரு நல்ல குணம்: ஆயிரம் வருஷத்தை உறுதியாக நம்பினவர், ஆனால் உத்தமமான விசுவாசிகள் பலர் வேறு விதமாக எண்ணுகிறார்கள் என்றும் எழுதி வைத்தார். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அந்த ஒரு வரி போதும்.

சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருஷ உபத்திரவம், அதன் பிறகு வெளிப்படையான வருகை என்ற ஒழுங்கு மட்டும் இவ்வளவு பழையதல்ல. 1830களில் ஜோன் நெல்சன் டார்பி என்ற அயர்லாந்துச் சபைப் போதகர் அதை ஒழுங்குபடுத்தினார். 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகமெங்கும் கொண்டுபோயின. வசனத்துக்குக் கீழே அச்சடித்த குறிப்பை வசனத்தோடு சேர்த்தே சனம் படித்துவிட்டது. இது புதிது என்பதாலேயே பிழையாகிவிடாது. ஆதித் திருச்சபையின் விசுவாசம் இதுதான் என்று யாராவது சொன்னால் மட்டும் தலையாட்டாதேங்கோ.

அதற்கு ஆதாரமாகக் காட்டுவது 1 தெசலோனிக்கேயர் 4:17. அங்கே எங்கள் தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு பொக்கிஷத்தை வைத்திருக்கிறது. ஆகாயத்தில் கர்த்தருக்கு "எதிர்கொண்டுபோக" என்று எழுதியிருக்கிறது. எதிர்கொண்டு போகிறது என்றால் என்ன என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டுமா? மாப்பிள்ளை வருகிறார் என்றால் சந்திமட்டும் போய், மாலை போட்டு, மேளத்தோடு வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். ஆயர் பங்குக்கு வந்தாலும் அதேதான். போன சனம் அவரோடு அவர் வந்த ஊருக்கே போய்விடுவதில்லை. அவரைத் தங்கள் ஊருக்கு அழைத்து வருகிறது. கிரேக்கச் சொல்லுக்கும் அந்த வழக்கம் உண்டு. மத்தேயு 25:6இல் மணவாளனுக்கு எதிர்கொண்டுபோகிற கன்னிகைகளுக்கு அதே சொல். அப்போஸ்தலர் 28:15இல் பவுலை எதிர்கொண்டு அப்பியுபுரம் வரைக்கும் வந்த உரோமைச் சகோதரருக்கும் அதே சொல். அவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு உரோமைக்கே திரும்பினார்கள். பவுல் சொல்வது பூமியை விட்டுத் தப்பி ஓடுகிற கதையாக எனக்குத் தோன்றவில்லை. ராஜாவைப் பூமிக்கு வரவேற்கிற கதையாகவே தோன்றுகிறது. அம்மாவின் பாஸ்டர், திரும்பி வருவார்கள் என்று அந்த வசனத்தில் இல்லையே என்று சொன்னால், அதுவும் சரிதான். பவுல் "கர்த்தருடனேகூட இருப்போம்" என்பதோடு நிறுத்துகிறார்.

கிறிஸ்து வரும் நாளைக் குறித்தவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பெங்கல் என்ற பெரிய ஜெர்மன் வேத அறிஞர் 1836 என்று கணக்குப் பார்த்தார். எங்கள் மெதடிஸ்த சபையின் ஜோன் வெஸ்லி தன் புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளுக்கு அவரை நிறையவே பின்பற்றினார். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 ஒக்டோபர் 22இல் விடியும்வரை காத்திருந்து அழுதார்கள். 1948இல் இஸ்ரவேல் தேசம் உண்டானது, ஒரு சந்ததி நாற்பது வருஷம், ஆகவே 1988 என்று நான் என் காதாலேயே கேட்டேன். என் தாத்தா 1942 ஏப்ரல் 9ஐப் பற்றிச் சொல்வார். உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் விழுந்த ஜப்பான்காரன் குண்டு, நாலு நாள் கழித்துத் திருகோணமலையில் விழுந்தது. துறைமுகமும் சீனக்குடாவும் புகையாய் நின்றபோது, இதுதான் அர்மகெதோன் என்ற கடைசி யுத்தம் என்று சனம் முழங்காலில் நின்றதாம். அப்படி நினைத்த ஒருவரையும் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் யுத்தங்களின் செய்தியைக் கேள்விப்படுவீர்கள், கலங்காதேயுங்கள், "முடிவு உடனே வராது" என்று இயேசு சொன்னது சரியாக அப்படியான நாளுக்காகத்தான்.

2004 டிசம்பர் 26இல் நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. கடல் வந்துபோன பிறகு, முகாமாயிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பொதி கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒருவர் வந்து லூக்கா 21:25ஐ உரத்து வாசித்தார்: "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்." அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கரையோரச் சனத்தின் பாவத்துக்காக இது வந்தது என்றார். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தகப்பன்மார் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதே லூக்காவில், எட்டு அதிகாரம் முன்னால், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேரைப் பற்றி இயேசு கேட்கிறார்: எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரைப்பார்க்கிலும் அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ? அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். அந்த வசனத்துக்கு உருவகமே தேவையில்லை. எழுத்தின்படி வாசிக்க வேண்டிய இடத்தில் அந்த மனுஷன் வாசிக்கவில்லை.

கடைசியில் அப்பம்மாவின் கேள்வி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வியாகப் படுகிறது.

"சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்பது 21:1. கடலை நம்பிச் சாப்பிடுகிற ஒரு சனத்துக்கு இது சந்தோஷச் செய்தியா? யோவானுக்குக் கடல் என்ன என்று பார்க்க வேணும். அவரைத் தன் சபைகளிலிருந்து பிரித்து வைத்தது கடல். தானியேலின் நாலு மிருகங்கள் எழும்பி வந்தது கடலிலிருந்து. யோவானின் மிருகமும் அங்கேயிருந்துதான் எழும்புகிறது (13:1). மனுஷரின் உயிரைக்கூடச் சரக்காக ஏற்றிப்போன பாபிலோனின் கப்பல்கள் ஓடியது கடலில் (18ஆம் அதிகாரம்). எபிரேயருக்கு ஆதிமுதல் கடல் என்றால் அடங்காத ஆழம், விழுங்குகிற வாய். கொட்டியாரக்குடா என்ற தண்ணீரைப் பற்றி யோவான் கதைக்கவில்லை. தேவன் கடலை வெறுக்கிறார் என்றால், 5:13இல் கடலில் உள்ள சீவன்கள் யாவும் அவரைத் துதிப்பது எப்படி? ஒழிந்துபோவது மிருகம் பிறக்கிற இடம், பிரிக்கிற தூரம், விழுங்குகிற வாய். சாம்பல்தீவிலோ நிலாவெளியிலோ ஒரு அலை அடிக்குமா அடிக்காதா என்று அந்த வசனத்திலிருந்து தீர்மானிக்க ஏலாது.

21:1க்கு முன்னால் 20:13 நிற்கிறது: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." இந்த ஒழுங்கைப் பல விளக்கவுரைக்காரர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்; கடற்கரையில் பிறந்தவன் தாண்ட ஏலாது. கடல் தான் வைத்திருக்கிற ஒவ்வொருவரையும் முதலில் திருப்பிக் கொடுக்க வேணும். அதன் பிறகுதான் அது இல்லாமற்போகிறது என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை நான் படமாக எடுக்கவில்லை, தங்கச்சி. உடல் கிடைக்காத உங்கள் சித்தப்பாவைப் பற்றியது அது.

அப்பம்மாவுக்குக் கண் மங்கல் என்று எழுதியிருந்தீர்கள். நீங்களே பக்கத்தில் இருந்து சத்தமாக வாசியுங்கள். முதலில் 20:13, பிறகு 21:1, இந்த ஒழுங்கில். பிறகு எசேக்கியேல் 47ஐ எடுங்கள். புதிய எருசலேமின் ஜீவநதியை யோவான் அங்கேயிருந்துதான் எடுத்தார். ஆலயத்திலிருந்து ஒரு ஆறு ஓடிப்போய் உப்புக் கடலில் விழுகிறது, தண்ணீர் ஆரோக்கியமாகிறது, கரையிலே மீன்பிடிக்கிறவர்கள் நிற்கிறார்கள், என்கேதி தொடங்கி எனெக்லாயிம் மட்டும் வலை விரிக்கிற இடம். என்கேதி எங்கே இருக்கிறது என்று அவ கட்டாயம் கேட்பா. சவக்கடலின் மேற்குக் கரையில், இன்றைக்கு அந்தத் தண்ணீரில் ஒரு மீனும் இல்லை என்று சொல்லுங்கள்.